நுண்ணுயிர்களும் நாமும் – 14: மருந்துக்கு மசியாத ஈஸ்ட்

அமெரிக்காவுக்கு வந்த தமிழர்கள் அதிகமாகத் திரண்டிருக்கும் இடங்களில் மூன்றைச் சொல்லலாம்: நியூ ஜெர்சி, டெக்சாஸ், சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி. இந்த வாரம் சொல்லப்போகும் வரலாறும் இந்த மூன்று இடங்களையும் தொட்டுக்கொண்டுதான் போகிறது. பூஞ்சை நோய்களுக்கு இன்று நம்மிடம் உள்ள நான்கு பெரிய மருந்து வகைகளில் மூன்று, நியூ ஜெர்சியின் ஆய்வுக்கூடங்களோடு தொடர்புள்ளவை. ஒரு ஈஸ்ட் ஒரு மருந்தைப் படிப்படியாக எப்படி வென்றது என்பதை மாதிரி மாதிரியாகக் காட்டிய நோயாளி, டெக்சாஸின் சான் அன்டோனியோவில் சிகிச்சை பெற்றவர். நான் வசிக்கும் சான் ரமோனிலிருந்து 680 நெடுஞ்சாலையில் வடக்கே போனால் டான்வில், அலமோ தாண்டி வால்நட் கிரீக் வரும். இந்தியாவின் முதல் பூஞ்சை மருந்துகளைக் கண்டுபிடித்த விஞ்ஞானி தம் கடைசிக் காலத்தைக் கழித்த ஊர் அது. அவருடைய பெயர் இந்த வட்டாரத்துத் தமிழர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? அவரிடம் பிறகு வருவோம்.

ரொட்டியைப் பொங்கவைக்கும் ஈஸ்ட்டை எல்லோருக்கும் தெரியும். அதற்கு உறவான கேண்டிடா என்ற இனத்தின் சில வகைகள் நம் வாயிலும் குடலிலும் தோலிலும் தொந்தரவில்லாமல் குடியிருக்கின்றன. கைக்குழந்தையின் நாக்கில் வெள்ளையாகப் படிவது அதுதான். சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதபோது மர்ம உறுப்புகளில் அரிப்பைக் கொண்டுவருவதும் பெரும்பாலும் அதுதான். இவை தொல்லைகள், உயிரை எடுப்பவை அல்ல. ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் வாரக்கணக்கில் படுத்திருக்கும் ஒருவருக்குப் பெரிய ரத்தக்குழாயில் குழாய் செருகியிருக்கும். பலவகை ஆன்டிபயாடிக் மருந்துகளால் குடலின் நல்ல பாக்டீரியா அழிந்திருக்கும். அப்போது அதே கேண்டிடா ரத்தத்துக்குள் நுழைகிறது. நுழைந்தால் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பிழைப்பதில்லை.

பாக்டீரியாவைக் கொல்ல மருந்து தேடியவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. பாக்டீரியாவின் செல் நம் செல்லிலிருந்து வெகுதூரம் விலகியது. பென்சிலின் தாக்கும் செல்சுவர் மனித உடம்பில் எங்கும் கிடையாது. பூஞ்சையோடு போராடியவர்களுக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. உயிர்களின் வம்சாவளியில் பூஞ்சைகள் செடிகொடிகளைவிட விலங்குகளுக்கே நெருக்கம். பூஞ்சையின் செல்லை நஞ்சூட்டினால் நம் செல்லும் சேர்ந்து சாகும். ஆகவே, பூஞ்சையிடம் இருக்கிற, ஆனால் நம்மிடம் இல்லாத ஒன்றைத் தேட வேண்டியிருந்தது. கிடைத்தவை மிகச் சில. நம் செல்சவ்வில் கொலஸ்ட்ரால் இருக்கும் இடத்தில் பூஞ்சைக்கு எர்கோஸ்டெரால் இருக்கிறது. அந்தச் சவ்வைச் சுற்றி நமக்கு இல்லாத ஒரு சுவர் இருக்கிறது. அதன் முக்கிய இழை குளுக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலி. இவை இரண்டோடு, நம்மிடம் இல்லாத ஓரிரு என்சைம்கள். எழுபது ஆண்டு ஆராய்ச்சியும் சுற்றிச் சுற்றி இந்த இலக்குகளிடம்தான் வந்து நிற்கிறது. மருந்துகள் ஏன் இவ்வளவு சீக்கிரம் தோற்கின்றன என்ற கேள்விக்கான விடையில் பாதி இங்கேயே இருக்கிறது.

முதல் வெற்றி இரண்டு பெண்களுடையது. நியூயார்க் மாநிலப் பொதுச் சுகாதார ஆய்வகத்தில் எலிசபெத் லீ ஹேசன் நியூயார்க் நகரத்திலும், ரேச்சல் புல்லர் பிரவுன் ஆல்பனியிலும் வேலை பார்த்தார்கள். ஹேசன் பல இடங்களிலிருந்து மண்ணை வரவழைத்து, அதில் வாழும் நுண்ணுயிர்களை வளர்த்து, பூஞ்சையைக் கொல்பவற்றைப் பொறுக்கி ஜாடியில் அடைத்துத் தபாலில் ஆல்பனிக்கு அனுப்புவார். பிரவுன் அதிலிருந்து கொல்லும் பொருளைப் பிரித்துத் திருப்பி அனுப்புவார். வர்ஜீனியாவில் ஒரு பால் பண்ணையின் மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து 1950-ல் நிஸ்டாட்டின் பிறந்தது. மருந்து உலகுக்கு அறிமுகமானதும் குவிந்த உரிமத் தொகையை இருவரும் தங்களுக்கென்று எடுத்துக்கொள்ளாமல் அறிவியல் ஆராய்ச்சிக்கே விட்டுவிட்டார்கள். 1966-ல் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரம் வெள்ளத்தில் மூழ்கியபோது, நனைந்த ஓவியங்களில் பூஞ்சை பிடிக்காமல் காக்கவும் இதே மருந்து பயன்பட்டது.

நிஸ்டாட்டினை ரத்தத்தில் ஏற்ற முடியாது. விழுங்கினால் குடலைத் தாண்டாது. வாய், தோல் போன்ற இடங்களுக்கு மட்டுமே அது. உடம்பின் உள்ளே பரவிய பூஞ்சைக்கு மருந்து, நியூ ஜெர்சியின் நியூ பிரன்ஸ்விக்கில் இருந்த ஸ்குவிப் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. வெனிசுவேலாவின் ஓரினோகோ ஆற்றங்கரை மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து 1950-களின் நடுவில் பிரித்தெடுத்த அம்போடெரிசின் பி. இரண்டும் ஒரே குடும்பம். இரண்டும் எர்கோஸ்டெராலைப் பற்றிக்கொண்டு சவ்வைக் குலைக்கின்றன. அம்போடெரிசின் ஏறும்போது நோயாளிக்குக் குளிரும் காய்ச்சலும் தூக்கிப்போடும், சிறுநீரகம் அடிபடும். ஆனாலும் அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு மருத்துவர்களுக்கு வேறு நம்பிக்கை பெரிதாக இல்லை. 2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது கறுப்புப் பூஞ்சை நோயாளிகளுக்காக நம் ஊர்களில் குடும்பங்கள் கடை கடையாக அலைந்து தேடியதும் இதே மருந்தின் கொழுப்புறையிட்ட வடிவத்தைத்தான்.

இனி வால்நட் கிரீக்கில் வாழ்ந்தவர். எம். ஜே. திருமலாச்சார், மண்டயம் ஜீர்சன்னிதி திருமலாச்சார். 1914-ல் பிறந்தவர், பூஞ்சையியல் படித்தவர், செடிகளின் நோய்களில் தொடங்கி மனிதர்களின் நோய்களுக்கு வந்தவர். இந்திய அரசு 1954-ல் புனே அருகே பிம்ப்ரியில் தொடங்கிய இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். அங்கே மண்ணிலிருந்து கிடைத்த நுண்ணுயிர் ஒன்றிலிருந்து அவர் குழு கண்டெடுத்த ஹாமைசின் 1961-ல் வெளிவந்தது. அம்போடெரிசினுக்கு நெருங்கிய பங்காளி அது. அமெரிக்க மருத்துவர்களும் அதை வாங்கிப் பரிசோதித்தார்கள். உள்ளுக்குக் கொடுக்கும் மருந்தாக அது நிலைக்கவில்லை. மேற்பூச்சாக இந்தியாவில் பயன்பட்டது. டெர்மோஸ்டாட்டின், ஆரியோஃபஞ்சின் ஆகியவையும் அவர் கண்டுபிடிப்புகள்தான். 1967-ல் மருத்துவ அறிவியலுக்கான சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு பெற்றார். பிறகு கலிஃபோர்னியாவுக்கு வந்து, ஜீர்சன்னிதி–ஆண்டர்சன் நிறுவனம் என்ற ஆய்வகத்தைக் கூட்டாகத் தொடங்கி, 1999-ல் காலமானார்.

ஆரியோஃபஞ்சினைத் தஞ்சை விவசாயிகள் அறிவார்கள். 1952 புயலுக்குப் பின் தஞ்சை மாவட்டத்தில் தென்னைகளைத் தாக்கிய தஞ்சாவூர் வாடல் நோய்க்கு, ஆரியோஃபஞ்சினையும் மயில்துத்தத்தையும் நீரில் கரைத்து வேர் வழியாக மரத்துக்கு ஏற்றும்படி தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைத்திருக்கிறது. பிம்ப்ரியில் பிறந்த மருந்து காவிரிப் படுகையின் தென்னை வேரில் ஏறியது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது. ஆனால் வரலாற்றாசிரியன் கவனிக்க வேண்டியது வேறொன்றும் உண்டு. மனிதனைக் காக்கும் மருந்துக் குடும்பமும் பயிரைக் காக்கும் மருந்துக் குடும்பமும் ஆரம்பத்திலிருந்தே ஒன்றாகவே வளர்ந்தன. ஒரே ஆய்வுக்கூடம், ஒரே இலக்கு. இதன் பலனைப் பின்னால் பார்ப்போம்.

அம்போடெரிசின் குடும்பத்துக்கு ஒரு பெரிய நற்பேறு: ஈஸ்ட்டுகள் அதை எளிதில் வெல்லவில்லை. அரை நூற்றாண்டு பயன்படுத்திய பிறகும் அல்பிகன்ஸ் என்ற வழக்கமான கேண்டிடா பெரும்பாலும் அதற்கு அடங்கியே இருந்தது. ஏன் என்பதை 2013-ல் சூசன் லிண்ட்குவிஸ்ட்டின் குழு காட்டியது. ஆய்வகத்தில் எர்கோஸ்டெராலைக் கைவிட்டு மருந்திலிருந்து தப்பிய கேண்டிடாக்கள் இருக்கத்தான் செய்தன. ஆனால் அவை காய்ச்சல் சூட்டைத் தாங்கவில்லை, நம் வெள்ளணுக்களை எதிர்கொள்ள முடியவில்லை, திசுவுக்குள் இழையாக நீளவும் முடியவில்லை. மருந்திலிருந்து தப்பித்த கணமே நோய் உண்டாக்கும் வலிமையை இழந்துவிட்டன. எதிர்ப்புத் திறனுக்கு ஈஸ்ட் கொடுக்கும் விலை என்ன என்பதுதான் இந்தத் துறையின் மையக் கேள்வி என்று நான் நினைக்கிறேன். விலை அதிகமாக உள்ள இடத்தில் மருந்து நீடிக்கிறது.

விலையே இல்லாத இடத்துக்கு எடுத்துக்காட்டு ஃப்ளூசைட்டோசின். 1957-ல் நியூ ஜெர்சியின் நட்லியில் ரோஷ் நிறுவனத்தின் ஆய்வகத்தில் புற்றுநோய்க்கென்று செய்த பொருள் அது. புற்றுநோய்க்கு உதவவில்லை. பின்னால் பூஞ்சைக்கு உதவியது. அதன் வேலை வினோதமானது: வெறும் ஃப்ளூசைட்டோசின் நஞ்சு இல்லை. ஈஸ்ட் அதை உள்ளே இழுத்து, தன் சொந்த என்சைமால் அதை நஞ்சாக மாற்றிக்கொள்கிறது. மனித செல்லிடம் அந்த என்சைம் இல்லாததால் நாம் தப்புகிறோம். தப்பிக்க ஈஸ்ட் செய்ய வேண்டியதெல்லாம் அந்த என்சைமையோ, மருந்தை இழுக்கும் வாயிலையோ பழுதாக்கிக்கொள்வதுதான். ஒரே ஒரு மரபணுப் பிழை போதும். தனியாகக் கொடுத்தால் சில வாரங்களிலேயே எதிர்ப்பு தலைதூக்கியது. அதனால்தான் இன்றும் அதை அம்போடெரிசினோடு சேர்த்தே கொடுக்கிறார்கள். மூளையைத் தாக்கும் கிரிப்டோகாக்கஸ் என்ற ஈஸ்ட்டுக்கு அந்த ஜோடி இன்றுவரை கைகொடுக்கிறது.

பிறகு வந்தது எல்லாவற்றையும் மாற்றிய ஃப்ளூகோனசோல். இங்கிலாந்தின் சாண்ட்விச் நகரில் ஃபைசர் ஆய்வகத்தில் கென் ரிச்சர்ட்சனின் குழு உருவாக்கியது. 1990 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது அசோல் என்ற வகையைச் சேர்ந்தது. எர்கோஸ்டெராலைப் பிடித்துக் கொல்வதற்குப் பதில், அதைச் செய்யும் என்சைமையே முடக்குகிறது. மாத்திரையாக விழுங்கலாம்; சிறுநீரகத்துக்குக் கேடில்லை. எய்ட்ஸ் நோயாளிகளின் வாயும் தொண்டையும் வெள்ளைப் படலத்தால் மூடி, சாப்பிடக்கூட முடியாமல் தவித்த காலம் அது. ஒரு மாத்திரை அவர்களுக்குச் சோற்றைத் திருப்பிக் கொடுத்தது. அதன் மதிப்பை நான் ஒருநாளும் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. அது கேண்டிடாவைக் கொல்வதில்லை, வளர்ச்சியை நிறுத்தி வைக்கிறது. மிச்ச வேலையை உடம்பின் நோய் எதிர்ப்புதான் முடிக்க வேண்டும். எய்ட்ஸ் நோயாளியிடம் இல்லாததே அதுதான். கொல்லப்படாமல் முடங்கிக் கிடக்கும் கோடிக்கணக்கான செல்களுக்கு அவகாசம் கிடைக்கிறது. பிழை செய்துகொள்ளவும், அந்தப் பிழைகளில் பயனுள்ளது தழைக்கவும்.

சான் அன்டோனியோவில் ஒரு நோயாளிக்கு வாய்ப்புண் திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொரு முறையும் ஃப்ளூகோனசோல் கொடுத்தார்கள். போகப் போக அளவைக் கூட்ட வேண்டியிருந்தது. கடைசியில் எந்த அளவும் பலிக்கவில்லை. அங்கிருந்த மருத்துவர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். இரண்டு ஆண்டுகளில் அவர் வாயிலிருந்து எடுத்த 17 மாதிரிகளையும் உறைய வைத்துப் பாதுகாத்தார்கள். டி.என்.ஏ. சோதனையில் எல்லாம் ஒரே குடும்பத்து ஈஸ்ட் என்று தெரிந்தது. வெளியிலிருந்து புதிய கிருமி வரவில்லை. அவர் வாயில் இருந்ததே மாறியிருந்தது. சியாட்டிலில் தியோடர் ஒயிட் இந்த 17-ஐயும் வரிசையாகப் பிரித்துப் படித்து 1997-ல் எழுதிய கட்டுரைகள் இன்றும் இந்தத் துறையின் அடிப்படைப் பாடம்.

முதலில் மாறியது பம்பு. நச்சுப் பொருளைச் செல்லுக்குள்ளிருந்து வெளியேற்ற ஈஸ்ட்டின் சவ்வில் புரதப் பம்புகள் உண்டு. அவற்றில் ஒன்று தொடக்கத்திலேயே பெருகியது. ஓட்டைப் படகில் இருப்பவர்கள் கூடுதல் ஆளைப் போட்டுத் தண்ணீரை இறைப்பதுபோல, மருந்து உள்ளே வர வர வெளியே தள்ளியது. அடுத்து, மருந்து போய் ஒட்டவேண்டிய என்சைமின் மரபணுவில் ஓர் எழுத்து மாறியது. என்சைமின் வேலை கெடவில்லை, மருந்தின் பிடி மட்டும் தளர்ந்தது. அல்பிகன்ஸுக்கு எல்லா மரபணுக்களும் இரண்டிரண்டு பிரதி. ஒரு பிரதி மாறினால் பாதிப் பலன்தான். ஆனால் சிறிது காலத்தில் இரண்டாவது பிரதியும் மாறிய பிரதியின் நகலாகவே ஆகிவிட்டது. கடைசி மாதிரிகளில் இன்னொரு வகைப் பம்பும் வேலைக்கு வந்துவிட்டது. முதல் மாதிரியை அடக்கிய அளவைப்போல் 200 மடங்குக்கு மேல் கொடுத்தால்தான் கடைசி மாதிரி அடங்கும் என்ற நிலை. ஒரே மனிதரின் வாயில், இரண்டே ஆண்டுகளில், ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு மாற்றங்கள்.

2006-ல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்னா செல்மெக்கியும் ஜூடித் பெர்மனும் இன்னொரு வழியைக் கண்டார்கள். எழுத்தை மாற்றக்கூட வேண்டாம். ஐந்தாம் குரோமோசோமின் இடது கையை மட்டும் இரட்டிப்பாக்கி, புதிதாக ஒரு குரோமோசோமையே கேண்டிடா கட்டிக்கொள்கிறது. மருந்து தாக்கும் என்சைமின் மரபணுவும், பம்புகளைப் பெருக்கும் மரபணுவும் அந்தக் கையில்தான் இருக்கின்றன. ஒரே தாவலில் இரண்டு ஆயுதமும் பெருகிவிடுகின்றன. மருந்து நின்றால் கூடுதல் குரோமோசோமை உதறிவிடலாம். மனித செல்லில் இப்படி நடந்தால் பெரும்பாலும் ஊனம் அல்லது சாவு. ஈஸ்ட்டுக்கோ அது வரவு செலவு.

எஞ்சிய மருந்து வகை எக்கினோகேண்டின். ஸ்பெயினின் லோசோயா ஆற்றுப் பக்கம் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து தொடங்கி, நியூ ஜெர்சியின் ராவேயில் மெர்க் ஆய்வகம் மெருகேற்றிய காஸ்போஃபஞ்சின் 2001-ல் அனுமதி பெற்றது. அது குளுக்கான் சுவரைக் கட்டும் என்சைமைத் தடுக்கிறது. கேண்டிடாவை முடக்காமல் கொல்கிறது. சுவர் நம்மிடம் இல்லாததால் பக்கவிளைவும் குறைவு. ரத்தத்தில் கேண்டிடா என்றால் இன்று உலகெங்கும் முதலில் எடுப்பது இதைத்தான். இதற்கும் எதிர்ப்பு வந்தது. அந்த என்சைமின் மரபணுவில் இரண்டே சிறிய பகுதிகளில்தான் பெரும்பாலான பிழைகள் விழுகின்றன என்று நெவார்க்கில் டேவிட் பெர்லினின் குழு வரைபடமாகவே காட்டியது. க்ளாப்ரேட்டா என்ற வகையில் டி.என்.ஏ. பிழைதிருத்தும் மரபணுவே பழுதான குடும்பங்கள் இருப்பதையும் அவர்கள் 2016-ல் சொன்னார்கள். பிழை திருத்துபவரே இல்லாவிட்டால் எந்த மருந்துக்கான பிழையும் சீக்கிரம் கிடைக்கும். பெர்லினின் ஆய்வகம் பின்னால் நட்லிக்கு இடம் மாறியது. ஃப்ளூசைட்டோசின் பிறந்த பழைய ரோஷ் வளாகத்துக்கு.

இதுவரை சொன்னது மருந்து பழகப் பழக எதிர்ப்பைக் கற்ற ஈஸ்ட்டுகளின் கதை. 2009-ல் தோன்றியது வேறு ரகம்.

டோக்கியோவில் ஒரு மூதாட்டியின் காதிலிருந்து எடுத்த மாதிரியில் புதிய ஈஸ்ட் ஒன்று கிடைத்தது. கேண்டிடா ஆரிஸ் என்று பெயரிட்டார்கள். காதில் சீழ் என்ற அளவில் யாரும் அஞ்சவில்லை. அதே ஆண்டில் டெல்லி மருத்துவமனைகளில் ரத்தத்தில் ஓர் ஈஸ்ட் வளரத் தொடங்கியிருந்தது. ஈஸ்ட்டுகளை அடையாளம் காணும் இயந்திரம் அதை ஹீமுலோனி என்ற வேறு கேண்டிடாவின் பெயரால் அழைத்தது. இயந்திரத்தின் பட்டியலில் ஆரிஸ் இல்லவே இல்லை. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தில் அனுராதா சௌத்ரி அதை ஏற்காமல் மரபணு எழுத்துகளைப் படித்துப் பார்த்தார். 2009 முதல் 2011 வரை இரண்டு மருத்துவமனைகளில் 12 நோயாளிகள், எல்லாம் ஆரிஸ், எல்லாம் ஃப்ளூகோனசோலுக்கு மசியாதவை, ஜப்பானிய, கொரிய வகைகளிலிருந்து வேறுபட்ட தனிக் குடும்பம். 2013-ல் அவர் குழு இதை வெளியிட்டது. உலகம் கவனிக்க இன்னும் மூன்று ஆண்டுகள் ஆயின. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் எச்சரிக்கை விடுத்தது 2016 ஜூனில்தான். இந்த வரலாற்றில் என்னை மிகவும் உறுத்துவது இந்த மூன்று ஆண்டு இடைவெளி. டெல்லியிலிருந்து வந்த செய்தியை உடனே கேட்டிருந்தால் பல மருத்துவமனைகள் முன்கூட்டித் தயாராகியிருக்கும்.

அதற்குள் ஆரிஸ் நிலைபெற்றிருந்தது. சண்டிகரின் முதுநிலை மருத்துவ நிறுவனத்தில் அருணாலோக் சக்ரவர்த்தியின் குழு நாடெங்கும் 27 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் சேகரித்த 1,400 ரத்தத் தொற்றுகளைத் திரும்பப் பார்த்தபோது 74 ஆரிஸாக இருந்தன. 27-ல் 19 பிரிவுகளில் அது இருந்தது. 2017-ல் வெளியான ஆய்வு ஒன்றில் இந்தியா, பாகிஸ்தான், தென்னாப்பிரிக்கா, வெனிசுவேலா நாடுகளின் 54 நோயாளிகளிடமிருந்து எடுத்தவற்றில் 93 விழுக்காடு ஃப்ளூகோனசோலுக்கும், 35 விழுக்காடு அம்போடெரிசினுக்கும், 7 விழுக்காடு எக்கினோகேண்டினுக்கும் அடங்கவில்லை. இரண்டு வகை மருந்துகளை வென்றவை 41 விழுக்காடு. அம்போடெரிசினை வெல்பவன் வலிமை இழப்பான் என்று அல்பிகன்ஸிடம் படித்த பாடம் ஆரிஸிடம் செல்லுபடியாகவில்லை.

மரபணுக்களைப் படித்தபோது இன்னொரு புதிர். தெற்காசியா, கிழக்காசியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா என்று நான்கு குடும்பங்கள், ஒன்றுக்கொன்று ஆயிரக்கணக்கான எழுத்துகளால் விலகியவை, ஏறத்தாழ ஒரே சமயத்தில் மருத்துவமனைகளில் தலைகாட்டியிருக்கின்றன. ஒன்றிலிருந்து ஒன்று பரவியது அல்ல. அப்படியானால் வெளியே இயற்கையில் நெடுங்காலம் இருந்த ஒன்று திடீரென மனிதனிடம் வந்திருக்கிறது. எங்கிருந்து? 2019-ல் ஆர்ட்டூரோ கசடேவால் முதலியோர் ஒரு கருதுகோளை வைத்தார்கள். பெரும்பாலான பூஞ்சைகளுக்கு நம் உடம்புச் சூடு ஒத்துக்கொள்ளாது. பூமி சூடேறச் சூடேற, சில பூஞ்சைகள் சூட்டுக்குப் பழகி நம்மைத் தொட்டிருக்கலாம். இது நிரூபணமான உண்மை அல்ல. ஆனால் 2021-ல் சௌத்ரியும் கனடாவின் ஜியன்பிங் ஷூவும் அந்தமான் தீவுகளில் ஆரிஸைக் கண்டெடுத்தார்கள். ஆள் நடமாட்டமுள்ள கடற்கரையில் கிடைத்தவை மருந்தை எதிர்த்தன. மனிதர் அதிகம் போகாத உப்புச் சதுப்பு நிலத்தில் கிடைத்தவற்றில் ஒன்று மருந்துக்கு மசிந்தது. அதிக வெப்பத்தில் மெதுவாகவே வளர்ந்தது. மருந்தும் மருத்துவமனையும் தொடாத ஆரிஸ் எப்படி இருக்கும் என்பதை அதுதான் முதன்முதலாகக் காட்டியது.

அடுத்த ஆண்டு அதே டெல்லிக் குழு வட இந்தியாவில் 62 ஆப்பிள்களின் தோலைத் துடைத்துச் சோதித்தது. எட்டில் ஆரிஸ் இருந்தது. தோட்டத்தில் புதிதாகப் பறித்தவற்றில் ஒன்றிலும் இல்லை. கிடங்கில் வைத்து விற்றவற்றில் மட்டுமே. பழம் கெடாமலிருக்கத் தெளிக்கும் பூஞ்சைக்கொல்லிகள் ஆரிஸை அங்கே தேர்ந்தெடுத்து வளர்க்கின்றனவா என்று அவர்கள் கேட்டார்கள். கேள்வி நியாயமானது. கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைக்கும் காவிரிப் படுகையின் நெல்லுக்கும் தெளிக்கும் ஹெக்சகோனசோல், ஃப்ளூகோனசோலின் பங்காளி. இரண்டும் தாக்குவது ஒரே என்சைமை. நெதர்லாந்தில் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற வேறொரு பூஞ்சை வயலில் தெளித்த அசோலால் எதிர்ப்பு பெற்று நோயாளிகளின் நுரையீரலுக்கு வந்தது என்பதற்கு வலுவான சான்றுகள் உண்டு. ஈஸ்ட்டுகளுக்கு அந்த அளவு சான்று இன்னும் சேரவில்லை. இங்கே சான் ரமோனிலேயே வேளாண் மருந்து நிறுவனமான வேலன்ட்டின் அமெரிக்கத் தலைமையகம் இருக்கிறது. அது விற்பவற்றில் மெட்கோனசோல் என்ற அசோலும் ஒன்று. பயிருக்கு அசோல் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன்; விளைச்சலை இழந்த விவசாயியிடம் அதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் ஒரு புதிய பூஞ்சைக்கொல்லிக்கு அனுமதி தரும் மேசையில் மருத்துவர் ஒருவரும் உட்கார வேண்டும். ஒரே இலக்கைத் தாக்கும் மருந்தை வயலுக்கும் வார்டுக்கும் தனித்தனி அலுவலகங்கள் ஒன்றையொன்று கேட்காமல் வழங்குவது சரியில்லை.

நம் ஊர் மருந்துக் கடைப் பழக்கமும் இதில் சேரும். 150 மில்லிகிராம் ஃப்ளூகோனசோல் மாத்திரையைச் சீட்டில்லாமல் வாங்கி, அரிப்பு நின்றதும் பாதியில் விடுவதை ஊருக்குப் போகும்போதெல்லாம் பார்க்கிறோம்.

ஆரிஸின் இன்னொரு பலம் மருந்தோடு சம்பந்தப்பட்டது அல்ல. மற்ற கேண்டிடாக்கள் பெரும்பாலும் நோயாளியின் சொந்த உடம்பிலிருந்து வருபவை. ஆரிஸ் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகிறது. தோலில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் இருக்கிறது. கட்டில் கம்பியிலும் கருவியிலும் உயிரோடிருக்கிறது. மருத்துவமனைகள் துடைக்கும் வழக்கமான கிருமிநாசினிகள் பலவற்றுக்குச் சாவதில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் 2015 முதல் 2017 வரை 70 பேரிடம் பரவியதற்கு மூலம் தேடியபோது, அக்குளில் வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திய வெப்பமானிகளில் போய் நின்றது. அவற்றை அகற்றியதும் தொற்று குறைந்தது. 2020 ஏப்ரல் முதல் ஜூலை வரை டெல்லியில் ஒரு கொரோனா தீவிர சிகிச்சைப் பிரிவில் 15 பேருக்கு ரத்தத்தில் கேண்டிடா. அவற்றில் 10 ஆரிஸ். 2022 அக்டோபரில் உலகச் சுகாதார நிறுவனம் முதன்முதலாக ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியலை வெளியிட்டபோது, உச்ச வரிசையில் வைத்த நான்கில் ஒன்று ஆரிஸ்.

புதிய மருந்துகள் வராமல் இல்லை. குளுக்கான் என்சைமையே வேறிடத்தில் பிடிக்கும் இப்ரெக்ஸாஃபஞ்செர்ப் 2021-ல் வந்தது, மறுபடியும் நியூ ஜெர்சி நிறுவனம் ஒன்றிடமிருந்து. வாரம் ஒருமுறை ஏற்றினால் போதும் என்ற ரெஸாஃபஞ்சின் 2023-ல் வந்தது. இரண்டும் பழைய இலக்கைத்தான் தாக்குகின்றன. முற்றிலும் புதிய இலக்கு கொண்ட ஃபாஸ்மனோஜெபிக்ஸ் நோயாளிகளிடம் பரிசோதனையில் இருக்கிறது. நான் அவற்றை வரவேற்கிறேன். ஆனால் ஹேசன் காலம் முதல் இன்றுவரை பார்த்தால், மருந்தைவிட அதிகமாக நாம் பின்தங்கியது ஈஸ்ட்டின் பெயரைக் கண்டறிவதில். நம் மருத்துவமனைகள் பலவற்றில் அறிக்கையில் வருவது இன்னும் 'கேண்டிடா' என்ற ஒற்றைச் சொல்தான். எந்தக் கேண்டிடா, எந்த மருந்துக்கு அடங்கும் என்பதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-லேயே ஆரிஸுக்கு வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. அதைச் செயலாக்க ஆய்வகங்களுக்குக் கருவியும் பயிற்சியும் ஆளும் வேண்டும்.

ஈஸ்ட்டின் வகையைக் கண்டறிவதன் பலன் கலிஃபோர்னியாவில் தெரிந்தது. தெற்கே ஆரஞ்ச் கவுன்ட்டியில், செயற்கைச் சுவாசத்தில் நெடுநாள் இருப்பவர்களைப் பார்க்கும் மருத்துவமனை ஒன்றின் சிறுநீர் மாதிரிகளில் வளர்ந்த ஈஸ்ட்டுகளை வழக்கம்போல் ஒதுக்கிவிடாமல் வகை பிரித்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். சிறுநீரில் ஈஸ்ட் என்றால் பொதுவாக யாரும் பொருட்படுத்துவதில்லை. 2019 பிப்ரவரியில் அதில் ஆரிஸ் அகப்பட்டது. உடனே கவுன்ட்டியின் சுகாதாரத் துறை அதுபோன்ற மற்ற இடங்களிலும் நோயாளிகளின் அக்குளையும் இடுப்பு மடிப்பையும் துடைத்துச் சோதித்தது. அக்டோபருக்குள் ஒன்பது இடங்களில் 182 பேர் தெரியவந்தார்கள். பெரும்பாலானோருக்கு நோய் இல்லை. தோலில் மட்டும் சுமந்துகொண்டிருந்தார்கள். மரபணு படித்த மாதிரிகள் எல்லாம் ஒரே குடும்பம். அவர்களைத் தனிப்படுத்தி, கை கழுவுவதையும் அறை துடைப்பதையும் கண்காணித்து, இடம் மாற்றும்போது அடுத்த மருத்துவமனைக்கு முன்கூட்டிச் சொல்லி அனுப்பினார்கள். இதில் எந்த மருந்தும் இல்லை.

(தொடரும்)